ஜப்பான் துரைக்கு ஓம் சொன்ன கதை

காத்தான்குடி,
பங்குனி, 1936.

கொழும்பு புறக்கோட்டையில் கடை நடத்தும் கண்ணியத்துக்குரிய மச்சான் பக்கீர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஸைனம்புவின் கணவன் ஆதம்லெவ்வை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே பிள்ளைகள், மாடு, தறிகள் எல்லாம் சுகம். நான் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம், கோபத்தில் எழுதுகிறேன்.

ஜப்பான் நூல் கம்பனியின் மொரிதா துரை நம் பகுதிக்கு ஓர் ஏஜெண்டைத் தேடி வருகிறார், அது நமக்குக் கிடைத்தால் இனி ஏறாவூர் பாறூக்கின் கடை வாசலில் நூலுக்காகக் காத்துக் கிடக்கத் தேவையில்லை என்று எழுதியவரும் தாங்கள்தான். அவரை வரவேற்கும் முறையை எல்லாம் எழுதியனுப்பியவரும் தாங்கள்தான். ஜப்பான்காரருக்குக் குனிந்து மரியாதை செய்ய வேண்டும் என்றீர்கள். படைத்தவனைத் தவிர வேறு யாருக்கும் குனியலாமா என்று நான் பதறிப்போய்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வையிடம் ஓடினேன். "கழுத்து மட்டும் குனியட்டும், முதுகு அசையப்படா" என்றார் அவர். அன்று முதல் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தை மட்டும் குனிந்து குனிந்து பழகினேன். "தீன் பொறுக்குற கோழி மாதிரி இரிக்கி" என்று தங்கள் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

துரை வந்தார். மொழிபெயர்க்க மட்டக்களப்புப் பட்டணத்து ஹெக்டரும் கூடவே வந்தார். நான் கழுத்தைக் குனிந்தேன். ஆனால் முஸ்லிம்கள் கட்டித் தழுவித்தான் வரவேற்பார்கள் என்று யாரோ ஒரு பக்கீர் மச்சான் ஜப்பானிலும் இருந்து அவருக்குப் படிப்பித்து விட்டிருக்கிறார்! நான் குனிய, அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்து வர, என் தலை அவர் மூக்கில் மோதி, அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து போய்ப் பூச்சாடிக்குள் விழுந்தது. அவருக்காக இரவல் வாங்கி வைத்திருந்த மேசை கதிரையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார். முந்திய நாளே ஹெக்டரிடம் இரவல் வாங்கிய இறுக்கமான காற்சட்டையோடு நானும் பாயில் உட்கார்ந்தேன். அப்போது கேட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

பிறகு சாப்பாடு. நெய்ச்சோறு, வாவி இறால், எருமைத் தயிர். நம் ஊரில் விருந்தாளியின் தட்டு காலியாகக் கிடந்தால் வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. அவர்கள் நாட்டிலோ தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் விருந்தாளிக்கு மானக்கேடாம். இதைத் தாங்கள் எழுதவே இல்லை! அவர் முடித்தார், நான் போட்டேன். முடித்தார், போட்டேன். மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது, கண் மேலே செருகியது, அப்போதும் நான் போட்டேன். கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து ஸைனம்புதான் சத்தம் போட்டாள்: "இஞ்சருங்க, அந்த மனிசனக் கொல்லவா போறீங்க? மறுகா மறுகா ஏன் போடுறீங்க?" இஞ்சிக் கோப்பி கொடுத்துத்தான் அவரை உட்கார வைத்தோம்.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை மச்சான். 'இல்லை' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, எதைக் கேட்டாலும் ஓம் என்று தலையாட்ட வேண்டும், சரக்கைக் குறை சொல்லவே கூடாது என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. தம் கம்பனி நூல் நல்லதா என்று ஹெக்டர் மூலமாகத் துரை கேட்டார். ஓம் என்றேன். சாயம் நிற்கிறதா என்றார். ஓம் என்றேன். ஏறாவூர் பாறூக் திறமான வியாபாரியா என்று கேட்டார். என்ன செய்வேன், அதற்கும் ஓம் என்றேன். அப்படியானால் ஏஜென்சியை அவருக்கே கொடுக்கலாமா என்று கேட்டார். தாங்கள் எழுதியபடியே சிரித்த முகத்தோடு ஓம் என்றேன்.

திரை கிழியும் போல ஆடியது. "ஹெக்டர் ஐயா, இவரு சொல்றது எல்லாம் பொய்! பாறூக்கிட்ட வாங்கின இவங்கட சிவப்பு நூல் ரெண்டு தண்ணிக்கு நிக்கிறல்ல. நெய்த சாரம் முழுக்கச் சாயம் ஊறி நாசமாப் போச்சு. நல்ல நூல் தந்தா எடுப்பம், இல்லாட்டி எங்களுக்கு வேணாம் எண்டு சொல்லுங்க!" என்றாள் ஸைனம்பு. ஹெக்டர் பாவி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். துரை பல்லுக்கிடையில் மூச்சை இழுத்தார். இந்த வீடும் தறிகளும் யாருடையவை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன்பே, "இஞ்ச வீடு வாசல் எல்லாம் சீதனம், பொம்பிளைக்குத்தான் சொந்தம். இவர் வந்து குடியிருக்கிற மாப்பிளை" என்று எனக்குக் கேட்கத் தமிழிலும் அவருக்குக் கேட்க ஆங்கிலத்திலும் சொல்லிச் சிரித்தார் ஹெக்டர். துரை எழுந்தார், திரையைப் பார்த்து முதுகு வளையக் குனிந்தார், என்னை ஏறிட்டும் பாராமல் போய்விட்டார்.

எல்லாம் போயிற்று. பாறூக் இனி என்னை வெயிலில் நிறுத்தி வைத்துத்தான் நூல் தருவார். என் மானம் போனதற்குத் தங்கள் தங்கையின் நாக்கு பாதி, தங்கள் பேனா பாதி. இனிமேல் தேசம் கடந்த மனிதர் எவரையும் தயவுசெய்து இங்கே அனுப்ப வேண்டாம். தங்கள் கடையில் பறக்கத் பெருகவும், மைனிக்கு மூட்டுவலி தீரவும் துஆச் செய்யும்,

தங்கள் மச்சினன்,
ஆதம்லெவ்வை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ஹெக்டர் சைக்கிளில் பறந்து வந்தார். மச்சான், ஏஜென்சி நம் வீட்டுக்குத்தான்! மேலே உள்ள எதையும் தாங்கள் வாசிக்கவில்லை. போன இடமெல்லாம் புகழ்ச்சியே கேட்டுச் சலித்த துரை, குறையை முகத்துக்கு நேரே சொன்ன ஆளிடம்தான் நூலைக் கொடுப்பேன் என்றாராம். ஏஜெண்ட் ஸைனம்பு. ஹெக்டருக்குப் பின்னாலேயே செய்தி கேட்டுப் பாறூக்கும் வந்து எங்கள் வாசலில் நிற்கிறார். வரப்போகும் நூலில் நம் தறிக்குப் பங்கு கேட்க நானும் உள்ளே போனேன். "அவருக்குப் பின்னால நில்லுங்க" என்றுவிட்டாள். கூடப்பிறந்தவர் தாங்கள், அவளிடம் வியாபாரம் பேசப் போகிறவன் எப்படி நிற்க வேண்டும், முதலில் எதைப் பேச வேண்டும் என்று உடனே எழுதியனுப்புங்கள்.