மூன்றாம் தடவை கேட்டுவிட்டார்கள், அக்கா

லிவர்பூலில் இருக்கும் அன்பு அக்கா அட்ராக்டாவுக்கு, ராஸ்காமனிலிருந்து தம்பி ஃபின்டன் பணிவோடு எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே நானும் நாயும் இருக்கிறோம். நலமா என்றால், நாய் நலம்.

இதைப் படித்து முடித்ததும் உன் வீட்டு மாடி அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. வரும் திங்கட்கிழமைக் கப்பலில் வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயம், அவ்வளவுதான்.

எல்லாம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. கொட்டும் மழையில் வாசலில் ஒரு ஆள். நாட்டுக்கு ஒரு சிக்கலான கேள்வி வந்திருக்கிறதாம், அதைப் பேசி முடிவு சொல்ல மக்கள் மன்றம் ஒன்று கூட்டுகிறார்களாம், சீட்டுக் குலுக்கித் தொண்ணூற்றொன்பது பேரை எடுக்கிறார்களாம், அதில் என் வீடு விழுந்திருக்கிறதாம். "வர்றீங்களா?" என்றார். "ஐயோ, நமக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்றேன். "யோசிச்சுப் பாருங்க, வர்றீங்களா?" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே" என்றேன். டப்ளின்காரராக இருந்திருந்தால் அத்தோடு போயிருப்பார். இவர் கார்க் பக்கத்து ஆள், ஒழுங்காக வளர்க்கப்பட்டவர். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாம் தடவையும் வேண்டாம் என்று யார் முகத்திலாவது அடிப்போமா? அம்மா நம்மை அப்படியா வளர்த்தாள்? பாழாய்ப்போன என் வாய் "சரிங்க" என்று சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம்தான் கேள்வி என்னவென்று சொன்னார். சதுப்பு நிலத்தை வெட்டிக் கட்டி கட்டியாகக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறோமே, அதை ஐந்து வருடத்தில் அடியோடு நிறுத்தலாமா, கூடாதா என்பது கேள்வி. அக்கா, பக்கத்து வீட்டில் நம் கூடப்பிறந்த மாலகி அண்ணன் அதைத்தானே வெட்டுகிறான்! அப்பா வெட்டினார், தாத்தா வெட்டினார். நான் ஒருவன்தான் தபால்காரனாகப் போனேன்.

விஷயம் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கான்செப்டா தன் கடையில் பத்துப் பேர் நடுவே, "நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருக்கார்ல, அப்புறம் என்ன பயம்!" என்று உரக்கச் சொன்னாள். எனக்கு அந்த நிமிஷம்தான் பயம் ஆரம்பித்தது. அந்த வாரம் என் வீட்டுக்குப் பதினொரு பழக் கேக் வந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரும் "நான் எதுவும் சொல்ல வரல ஃபின்டன்" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் சொன்னார்கள். நம் தொகுதி எம்.பி.யை ஒரு சாவு வீட்டில் பார்த்தேன். இதை நீங்களே முடிவு செய்தால் என்ன என்று கேட்டேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு அடுத்த வருஷம் எலெக்‌ஷன் இருக்கு, உங்களுக்கு இல்லையே" என்றார். யோசித்துப் பார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர் தப்புப் பண்ணினால் அவர்களையும் கொஞ்சம் திட்டலாம். என்னைத் தேர்ந்தெடுத்தது ஒரு சீட்டு. திட்டு முழுக்க எனக்குத்தான்.

நான்கு சனி ஞாயிறு டப்ளினில் ஒரு ஓட்டலில் உட்கார வைத்தார்கள். மேசைக்கு ஏழு பேர். எங்கள் மேசையை நடத்தியவள் ஹெய்க்கே என்ற ஜெர்மன் பெண். தங்கமான பெண்தான், ஆனால் எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். "ஃபின்டன், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" "வேண்டாம்மா." உடனே அடுத்த ஆளிடம் போய்விடுவாள்! நான் மற்ற இரண்டு தடவைக்காகக் காத்துக்கொண்டே நான்கு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் நாங்கள் டீ குடிக்கும் அழகைப் பார்த்து அவளுக்கு எப்படியோ சூட்சுமம் புரிந்துவிட்டது. என்னிடம் மூன்று தடவை கேட்டாள். மாட்டிக்கொண்டேன்.

முப்பத்துநான்கு வருடம் அந்தச் சதுப்பு ரோட்டில் சைக்கிள் மிதித்தவன் நான் என்று ஆரம்பித்தேன். வளைந்த மூக்குப் பறவை ஒன்று விடியற்காலையில் கத்துமே, அது கத்தி ஒன்பது வருடம் ஆகிறது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணன் வீட்டு அடுப்புப் புகையையும், அவன் இருமல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்பதையும், கேட்காத நாட்களில் நான் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைப்பதையும் சொல்லிவிட்டேன்.

கடைசி ஞாயிறு ஓட்டு. சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும், யார் என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அக்கா, 'நிறுத்தலாம்' என்று போட்டேன். முடிவை வாசித்தார்கள்: நிறுத்தலாம் ஐம்பது, கூடாது நாற்பத்தொன்பது. ஒரே ஒரு ஓட்டு! இது வெறும் சிபாரிசுதான், அரசாங்கம் குப்பையில் போட்டாலும் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஐம்பது பேரில் யார் வேண்டுமானாலும் அந்த ஒரு ஓட்டு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐம்பதில் என்னைத் தவிர வேறு யாருக்கும் மாலகி பக்கத்து வீட்டில் இல்லை.

ஊரில் எல்லோரிடமும் எதிர்த்துத்தான் போட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்கள், அது இன்னும் பயமாக இருக்கிறது. மாலகி மட்டும் கேட்கவே இல்லை. மூன்று நாளாக என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சுமை அடுப்பெரிக்கும் மண்கட்டி அடுக்கியிருக்கிறது, வார்த்தை ஒன்றும் இல்லை. பாசமா, மிரட்டலா என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எரிக்கவும் பயம், எரிக்காமல் இருக்கவும் பயம். அதனால்தான் கட்டில் கேட்கிறேன்.

மாதா உன் முழங்காலையும் மாமாவின் பொறுமையையும் காப்பாற்றட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
ஃபின்டன்

பி.கு.: கட்டில் வேண்டாம். உறையை ஒட்டப்போன நேரத்தில் மாலகி அண்ணன் வந்தான். டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"நிறுத்தச் சொல்லித்தான் போட்டியா?" என்றான்.

"இல்லண்ணே."

பாதி டீ குடித்தான். "நிறுத்தச் சொல்லித்தான் போட்டியா?"

"சத்தியமா இல்லண்ணே."

கப்பைக் கீழே வைத்தான். "டேய் ஃபின்டன். போட்டியா, இல்லையா?"

மூன்றாம் தடவை, அக்கா. நான் என்ன செய்ய? "ஆமாண்ணே" என்றேன்.

கொஞ்ச நேரம் இருமினான். பிறகு, "நல்லவேளை" என்றான். "என் முதுகு போய் எட்டு வருஷமாச்சுடா. மூச்சும் முட்டுது. இந்த ரோட்டுல முதல்ல வெட்டுற மெஷினை நிறுத்துறவன் நானா இருக்க முடியுமா? அப்பா பேரைச் சொல்லிச் சிரிப்பானுங்க. சீட்டு உனக்கு விழுந்துச்சு." என் தோளைத் தட்டினான். அவன் என்னைத் தொட்டே எத்தனை வருடம் ஆயிற்று, நான் அழுதுவிட்டேன்.

கதவருகே போய்த் திரும்பினான். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல அந்த அம்பது பேரையும் கண்டபடி திட்டப்போறேன். நீயும் பக்கத்துல நின்னு என்னைவிடச் சத்தமாத் திட்டணும், என்ன?"

சரி என்றேன், முதல் தடவையிலேயே. திட்டிவிடுவேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து மூன்று தடவை கேட்டுவிட்டால்? கட்டிலை முழுக்கப் பிரித்துவிடாதே அக்கா. ஞாயிற்றுக்கிழமை கடக்கட்டும்.