முதல் கேள்விச் சித்தர்

சனிக்கிழமை காலை எங்கள் ஊர் ஸ்கூடாயில் கார் நிறுத்த இடம் இல்லையா? எரிச்சல் வேண்டாம். அது நெரிசல் அல்ல, கல்வி! டயர் கடைக்கு மேல்மாடியில் ‘முதல் கேள்விச் சித்தர்’ செல்லப்பனார் அருள்பாலிக்கிறார். மூவாரிலிருந்து ஒரு வேன், மெர்சிங்கிலிருந்து இரண்டு கார். எல்லாம் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். வரலாற்றுத் தேர்வு எழுதப்போகும் ஆறாம் படிவப் பிள்ளைகள். எல்லார் கையிலும் பூசைக்குப் பேனா. யார் கையிலும் புத்தகம் இல்லை.

சித்தர் கண்ணை மூடுவார். தோளைக் குலுக்குவார். தேர்வுத்தாளின் முதல் கேள்வி ஞானத்தில் தெரியும். உடனே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, திருநீறு பூசிக் கொடுப்பார். காணிக்கை நூறு வெள்ளி ரொக்கம்.

நிபந்தனை இரண்டு. உறையில் உள்ளதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் கேள்வி மாறிவிடும். அதைத் தவிர வேறு எதையும் படிக்கக் கூடாது. படித்தால் சித்தரைச் சந்தேகிப்பதாக அர்த்தம். இரண்டாவது நிபந்தனைக்கு மாணவர்களிடையே அமோக ஆதரவு!

என் வகுப்புத் தோழன் விவேக் போன வருடம் வரலாற்றில் கோட்டை விட்டவன். இந்த முறையும் போனால் பல்கலைக்கழகக் கனவை மூட்டை கட்டவேண்டியதுதான். தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? சித்தர் கேட்டார் என்று குறிப்பேடுகளை எல்லாம் ஹோமத்தில் போட்டுவிட்டான்.

“அலமாக்! நோட்ட எரிச்சிட்டியா?” என்று அலறினாள் யுவனேஸ்வரி. கேள்வி கேட்டே ஆசிரியர்களைக் களைப்பாக்கும் எங்கள் வகுப்புக்காரி.

“நம்பிக்கைக்கு அடையாளம்லா. போன வருசம் மூணு பேருக்கு அப்படியே வந்துச்சு. செவுத்துல போட்டோ மாட்டிருக்காங்க.”

“மொத்தம் எத்தன பேரு கவர் வாங்குனாங்க?”

“எறநூறு இருக்கும்.”

“மிச்சவங்க?”

“வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்க மாட்டாங்க. வெளிய சொல்லிருப்பாங்க.”

அடடா! பலித்தால் சித்தரின் மகிமை, பலிக்காவிட்டால் உன் வாய்க்கொழுப்பு. தோற்கவே முடியாத ஆட்டம்!

அந்தச் சனிக்கிழமை யுவனேஸ்வரியும் எங்களோடு மாடி ஏறினாள். கூடத்தில் அறுபது பேர், போன வாரம் வாங்கிய உறைக்கு ஆசி வாங்க அதைக் கையில் வைத்துக்கொண்டு. சித்தர் வந்து உட்கார்ந்ததும் கையைத் தூக்கினாள்.

“சாமி, பேப்பர்ல முதல் கேள்வி எத்தன?”

“ஒண்ணுதாம்மா.”

“நாடு முழுக்க அதே பேப்பர்தானே?”

“ஆமாம்மா.” என்ன சூட்டிகையான பிள்ளை என்று சித்தர் புன்னகைத்தார். பாவம்.

“அப்ப எல்லாரு கவர்லயும் ஒரே கேள்விதான் இருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்சத எல்லாருமே சொன்னா எந்த ரகசியம் போகும்? கவரப் பிரிங்க! மூணு எண்ணுறேன், சத்தமா படிங்க!”

“வேணாம்மா!” சித்தர் துள்ளி எழுந்தார். வேட்டி தடுக்கியது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!”

“ரஷ்யப் புரட்சி!” “மெய்ஜி ஜப்பான்!” “தொழிற்புரட்சி!” மூவார் வேன்காரர்கள் மட்டும் ஆளுக்கொரு போரை அறிவித்தார்கள். அறுபது தொண்டை, பதினைந்து முதல் கேள்வி! பிறகு ஒருவர் உறையை இன்னொருவர் பிடுங்கிப் படிக்க, கூடமே சந்தைக் கடையானது.

கூட வந்திருந்த விவேக்கின் அம்மா பிரேமளா முன்னால் வந்தார். “ஏன் சாமி, எங்க வீட்டுக்கு ஜப்பான், அடுத்த வீட்டுக்கு ரஷ்யாவா?”

“நீங்க போட்ட சத்தத்துல கேள்வியெல்லாம் மாறிடுச்சு!”

“கேள்வி மாறட்டும் சாமி,” என்றாள் யுவனேஸ்வரி. “நாங்க கத்தினா, நீங்க போன வாரம் எழுதின பேனா மையுமா மாறும்?”

கூடம் வெடித்துச் சிரித்தது. சித்தர் பின்படி வழியாகப் பாய்ந்தார். அங்கே மெர்சிங் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஞானம் வேண்டாமாம், கொடுத்த காணிக்கை திரும்ப வேண்டுமாம்.

விவேக் மட்டும் சிரிக்கவில்லை. “யுவா, ஒன்பது நாளுதான். எங்கிட்ட ஒரு தாள்கூட இல்ல.”

“என் நோட்ட போட்டோஸ்டாட் எடு. சனிக்கிழம மத்தியானமே கடை மூடிடுவான், நட!”

“எத்தன பக்கம்?”

“முந்நூத்தி இருவது.”

சித்தர் ஓடிய திசையை அவன் ஒரு கணம் ஏக்கத்தோடு பார்த்தான். பிறகு நடந்தான்.

யார் சொன்னது, எப்படித் தெரியும், ஆதாரம் எங்கே? இந்த மூன்றையும் கேட்கப் பழக்குவதுதானே ஐயா வரலாற்றுப் பாடம்! அதில் தேறுவதற்காக, மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுப் போன புத்திசாலிகளே, வீடு திரும்பும்போது இரண்டையும் மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.