தூறல் விழுந்தால் போகும் லைன்

"அம்மா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று ரொனால்டு கத்தாரிலிருந்து கேட்டான்.

இஞ்ஞாசியம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கொல்லையில் முருங்கை இலைகளின் மேல் தூறல் விழ ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் மகனின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. அடுத்த நொடி முகமும் இல்லை, சத்தமும் இல்லை. திரை நீலமாக நின்றது.

"போச்சு," என்றார் ஞானராஜ்.

"அவரைக்காய்ப் பொரியல்," என்று நீலத் திரையிடம் சொல்லி முடித்தாள் இஞ்ஞாசியம்மாள். எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து இதே கதைதான். ரொனால்டுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும். அன்று சாயங்காலம் ஞானராஜ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முகம் கழுவி, தலை சீவி, புருஷனும் பெண்சாதியும் கம்ப்யூட்டர் முன்னால் ஜோடியாக உட்காருவார்கள். மகனின் முகம் மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம் காமிரா கிடையாது. இருந்தாலும் தலை சீவாமல் உட்கார இருவருக்கும் மனம் வராது. அந்த நேரம் பார்த்துச் சிறுமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கும். மலைக்கோட்டையை ஈரத்துணி பட்ட சிலேட்டு மாதிரி அழித்துவிட்டு, மேட்டுப்பட்டிக்கு வந்து சேரும். தூறல் விழும். லைன் போகும்.

முதல் தடவை போனபோதே, அடுத்த வாரம் ரொனால்டு காரணம் சொல்லியிருந்தான். "மழை பேஞ்சா அங்க லைன் அப்படித்தான்ப்பா. கம்பத்துல தண்ணி இறங்கியிரும்." கம்ப்யூட்டர் படித்த பையன் சொன்னதால் ஞானராஜ் மறுபேச்சில்லாமல் நம்பினார்.

ஞானராஜ் டிராயிங் மாஸ்டர். மேகத்தைக் கண்டால் நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து நிற்கிற ஆள். பின்னால் வருகிற பஸ்காரர்கள் அவரை அடையாளம் கண்டு, ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். வறண்ட ஊரில் பிறந்ததாலோ என்னவோ, மழை என்றால் அவருக்கு விருந்தாளி வந்த மாதிரி. அப்படிப்பட்டவர் இந்த வருஷம் மேகத்தைப் பார்த்தால் சைக்கிளை வேகமாக மிதித்தார். மழை வருவதற்குள் மகனிடம் ஒரு விஷயம் கேட்டுவிட வேண்டும்.

டிசம்பரோடு ரொனால்டின் அக்ரிமென்ட் முடிகிறது. மறுபடியும் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் அங்கேதான். போடாவிட்டால் ஊருக்கு வரலாம். "வந்துர்றியாப்பா?" என்று கேட்க வேண்டும். ஒற்றை வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் சாப்பாடு, உடம்பு, தூக்கம் எல்லாம் விசாரித்து, மெல்ல அந்தப் பக்கம் வர வேண்டாமா? வந்து சேர்வதற்குள் தூறல் விழுந்துவிடும்.

போனிலேயே கேட்டுவிடச் சொன்னாள் இஞ்ஞாசியம்மாள். போனில் கேட்டால் அவசரத்தில் ஏதாவது சொல்லிவிடுவான், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய விஷயம் என்றார் ஞானராஜ்.

"முகத்தைத்தான் பார்த்தேனே," என்றாள் அவள். "மழை வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அதுக்கப்புறந்தான் லைன் போச்சு."

"சிக்னல் கம்மியானா படம் அப்படித்தான் கோணும்."

"படம் கோணலைங்க. அவன் திரும்புனான். நம்மகிட்டப் பேச அவனுக்கு இப்ப என்ன இருக்கு? ஏசி ரூமு, கார்ல போறான் வாரான். மழையைச் சாக்கா வச்சு வெட்டிவிட்டுர்றானோ என்னமோ."

ஞானராஜ் மறுநாளே டெலிபோன் லைன்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

லைன்மேன் நல்ல மனுஷன். மழைக்குள்ளேயே கம்பத்தில் ஏறி, காதில் கருவியை வைத்துக் கேட்டு, நனைந்துகொண்டே இறங்கி வந்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்றார். ஞானராஜுக்கு முகம் வாடிவிட்டது. இன்னொரு தடவை ஏறிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இவ்வளவு நல்ல லைன் இந்த ஏரியாவிலேயே கிடையாது என்று அவர் ஆறுதல் சொன்னதும் ஞானராஜுக்கு இன்னும் கவலையாகிவிட்டது. கம்பியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்க வேண்டும். அந்த வேறு இடத்தைப் பற்றி நினைக்க அவருக்கு இஷ்டமில்லை.

ஆகவே அப்துல் கையூமிடம் போனார். கையூம் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஞானராஜுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, கனெக்‌ஷன் போட்டு, மகனைக் கூப்பிட எதை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மகனைக் கூப்பிடுவதைத் தவிர அதில் வேறு எதையும் அழுத்திப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

"லைன் போறப்ப மோடத்துல பச்சை லைட்டு அணையுதா மாஸ்டர்?"

"இல்ல. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"அது சும்மா எரியும். அதை நம்பாதீங்க," என்றார் கையூம்.

மகனை நம்புவதற்காக எதை வேண்டுமானாலும் நம்பாமலிருக்க ஞானராஜ் தயாராக இருந்தார்.

கம்ப்யூட்டர் உள்ளறையில் இருப்பதுதான் தப்பு என்றார் கையூம். அவ்வளவு தூரம் வயர் வளைந்து வருவதற்குள் சிக்னல் களைத்துப்போகிறதாம். அன்றே மேசையோடு கம்ப்யூட்டரைத் தூக்கி, வயர் வீட்டுக்குள் நுழைகிற கொல்லை ஜன்னலருகே போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே வாழை இலையில் மழை கொட்டியது. பெரிய சொட்டுகள். "என்னப்பா சாப்பிட்ட" என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை.

அப்படியானால் கம்பத்திலிருந்து வீடுவரை வருகிற வயர்தான் நனைகிறது என்று கையூம் கண்டுபிடித்தார். கொல்லை முழுக்கத் தகரம் போட்டுவிட்டால் வயர்மேல் ஒரு சொட்டு விழாது. இஞ்ஞாசியம்மாளின் துணிக்கொடி போயிற்று. முருங்கையில் ஒரு கிளை போயிற்று. வாழையையும் வெட்ட வேண்டியதாயிற்று. பட்டாளத்து லாரிக்கு நிழல் தருவது மாதிரி ஒரு தகரக் கொட்டகையின் கீழே, ஒற்றைக் கறுப்பு வயர் நனையாமல் ஒய்யாரமாகத் தொங்கிக்கொண்டு வந்தது.

அடுத்த மழையில் அந்தத் தகரம் போட்ட சத்தம், கோயில் திருவிழா பாண்டு செட்டைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கியது மாதிரி இருந்தது. ரொனால்டு "அப்பா" என்றான். ஞானராஜுக்கு அது உதட்டசைவாகத்தான் தெரிந்தது. நீலத் திரை.

வயர் நனையாமலே லைன் போகிறதே என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டாள். அதற்கும் கையூமிடம் பதில் இருந்தது. இரைச்சலில் குரல் கேட்காததால், யாருமே பேசவில்லை என்று நினைத்து மெஷின் தானாகவே வெட்டிவிடுகிறதாம். மதுரையிலிருந்து ஒரு புது மைக் தருவித்துக் கொடுத்தார். ஊசி விழுந்தாலும் அந்தப் பக்கம் கேட்கும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். இஞ்ஞாசியம்மாள் அடுப்படியில் தாளித்தால், "அம்மா, கடுகு பொரியுதா?" என்று ரொனால்டு கேட்டான்.

அந்த வாரம் பேச உட்கார்ந்தபோது மழை வரவில்லை. வானம் மட்டும் மூடிக்கொண்டு, வெளிச்சம் பழுப்பாக, பழைய போட்டோவுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஞானராஜ் நிதானமாக ஆரம்பித்தார். சாப்பாடு, உடம்பு, தூக்கம் எல்லாம் விசாரித்தாயிற்று. "ஏம்ப்பா ரொனால்டு..." என்று இழுத்தார். அப்போது பக்கத்துக் காலி மனையில் தவளைகள் கத்த ஆரம்பித்தன.

லைன் போய்விட்டது.

ஞானராஜ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற கம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். தவளைக்குப் பயப்படுகிற கம்பியைக் கேள்விப்பட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தகரத்தின் விளிம்பிலிருந்து முதல் சொட்டு இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்தச் சொட்டு எப்படியோ வயருக்குள் புகுந்து, வத்தலக்குண்டு ரோட்டைத் தாண்டி, கடலுக்கு அடியில் மெல்ல மெல்லப் போய், மணல் ஊரில் மகனின் மேசைமேல் சொட்டென்று விழுவதாக. அங்கே அதைத் துடைக்க அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தார். பிறகு தலையை உதறிக்கொண்டு எழுந்து, காப்பி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், குளங்கள் நிரம்ப நல்ல மழை தர வேண்டுமென்று எல்லோரும் மன்றாடினார்கள். ஞானராஜ் அந்த ஒரு மன்றாட்டுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பயந்துபோய், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் பெய்யட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மன்றாட்டு பாதி பலித்தது. சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழைக்கு நடுவே ஒருத்தர் குடையோடு வந்து கதவைத் தட்டினார். பேர் சென்னியப்பன், ஊர் பழனிப் பக்கம் கீரனூர். கத்தாரில் ரொனால்டின் ரூமில் அடுத்த கட்டில் அவருடையதுதான். லீவில் வந்திருக்கிறார். ரொனால்டு பேரீச்சம்பழமும் அம்மாவுக்கு ஒரு போர்வையும் கொடுத்து அனுப்பியிருந்தான்.

மகனோடு ஒரே அறையில் தூங்கி எழுகிற ஆள் என்றதும் இஞ்ஞாசியம்மாள் அவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். தகரத்தின் மேல் மழை இரைந்தது. சாதாரணமாகப் பேசினாலும் மேடையில் பேசுகிற மாதிரி பேச வேண்டியிருந்தது. ஞானராஜுக்குக் கூச்சமாகிவிட்டது. வந்தவரிடம் இந்தச் சத்தத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்து, லைன்மேன் ஏறியது, ஜன்னலுக்கு மேசை வந்தது, வாழை போனது, தகரம் வந்தது, மைக் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொன்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தார்.

சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும், "அப்படீங்களா," என்றார். தகரத்தைப் பார்த்தபோது சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. மைக்கைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"இப்ப கையூம் என்ன சொல்றாருன்னா, கம்பத்தையே மாத்தி நட்டா சரியாயிரும்ங்கிறாரு," என்றார் ஞானராஜ். "டெலிபோன் ஆபீசுக்கு நடந்துக்கிட்டு இருக்கேன்."

இஞ்ஞாசியம்மாள் ரசம் ஊற்ற வந்தவள், கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"தம்பி, இவரு கம்பத்தை மாத்தட்டும், ஊரையே மாத்தட்டும். நீங்க கூடவே இருக்கவரு. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லுங்க," என்றாள். "எம்மகனுக்கு எங்ககிட்டப் பேசுறது வெறுத்துப் போச்சா?"

ஞானராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஐப்பசி முழுக்கத் தகரம் போட்டு மூடி வைத்திருந்த கேள்வி அதுதான்.

சென்னியப்பன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சொல்லக்கூடாது என்று யாருக்கோ வாக்குக் கொடுத்தவர் மாதிரி செத்த நேரம் தயங்கினார். பிறகு மழைக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஏனுங்கம்மா, லைன் ஒருநாளும் போனதே இல்லீங்க, இங்க மழைச் சத்தம் கேட்டதுமே அவரேதான் கம்ப்யூட்டரை அமத்திப்போட்டுப் போயி, அழுகறது எங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு பாத்ரூமுல பைப்பைத் தொறந்து உட்டுட்டு உக்காந்துக்குவாருங்க."