அயோடின் கம்பவுண்டரும் இரண்டு சீசா கஷாயமும்

அறுபதுகளில் செஞ்சியில் அயோடின் சொட்டு விழாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று ராஜகிரி மலை, இன்னொன்று எங்கள் தாசில்தார். மிச்சம் அத்தனையையும் அயோடின் கம்பவுண்டர் சோதித்து முடித்திருந்தார்.

கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் மிக்ஸ்சர் கலக்கிக் கொடுக்கிற வேலை அவருக்கு. சொந்தப் பெயர் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி சீசாவும் சொட்டுக் குழாயும் இருக்கும். எந்தச் செடியைக் கண்டாலும் இலையைப் பறித்துக் காய்ச்சி, துளி வினிகர்க் காடி விட்டு, மேலே அயோடினைச் சொட்டுவார். செங்கல் நிறத்தில் கலங்கி அடியில் தங்கினால் போதும், மனுஷனுக்குக் கிறிஸ்துமஸ்தான்.

"ஆல்கலாய்டு இருக்குது சார்! செடிக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கிற சரக்கு. ஒடம்புக்குள்ள போயி வேல செய்றது இதுதான்!"

ஒருநாள் ஓட்டலில் பாலில் சொட்டினார். நீலமாகிவிட்டது. "மாவு கலந்துக்குது" என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி அறிவித்தார். அதோடு விட்டாரா? காபி டிகாக்‌ஷனிலும் சொட்டி, "இதுலயும் ஆல்கலாய்டு!" என்று கூவினார். அது ஏதோ விஷம் என்று நினைத்து நாலு பேர் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "கம்பவுண்டரே, உனக்கு புண்ணியமாப் போவும். காபிய உன் வூட்டுக்கே அனுப்பறேன். நீ மட்டும் இந்தப் பக்கம் வராத."

இந்த மனுஷனிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் ரயில் ஊதும். அந்த நேரம் பார்த்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலைக்கு என் பெயர் வந்தது. கிராமம் கிராமமாக நடக்கிற உத்தியோகம். தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தளவானூர் போறதுக்குள்ள நீ வழியில வுழுந்தின்னா உன்னை யாருய்யா தூக்கினு வர்றது? பொங்கல் வரைக்கும் டைம். மூச்சு சரியாச்சுன்னா வேலை உனக்கு. இல்லன்னா அடுத்த ஆளு."

விஷயம் கேள்விப்பட்டுக் கம்பவுண்டர் ஓடி வந்தார். என் மேல் இரக்கம் என்று நினைத்தேன். அட, அவர் கண்ணில் தெரிந்தது ஆராய்ச்சி.

"ஆடாதோடை இலை சார். அதுல இருக்கிற ஆல்கலாய்டுக்கு வாசிசின்னு பேரு, புஸ்தகத்துலயே போட்டுக்குது. நான் கஷாயம் குடுத்தா எல்லாருக்கும் மூச்சிரைப்பு எறங்குது. ஆனா இலையால எறங்குதா, நான் குடுத்தேன்ற நம்பிக்கையில எறங்குதா? அது தெரியாம எனக்குத் தூக்கம் வரல சார்."

திட்டம் இதுதான். 'அ' என்று ஒரு சீசா, 'ஆ' என்று ஒரு சீசா. ஒன்றில் ஆடாதோடைக் கஷாயம். இன்னொன்றில் நிலவேம்புத் தண்ணீர். கசப்பில் அண்ணன் தம்பி, ஆனால் நிலவேம்பில் ஆல்கலாய்டு கிடையாது. வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நான் குடிக்க வேண்டும். எது எது என்று எனக்குத் தெரியக் கூடாது. ஞாயிறுதோறும் அவர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் இருவரும் ராஜகிரி ஏற வேண்டும். எந்தப் படியில் எனக்கு மூச்சு முட்டுகிறதோ, அது நோட்டில் ஏறும். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் முடிவு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குப் போகும். இதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

நான் நின்ற படியில் அடையாளத்துக்கு முதல் வாரம் வேப்பங்கொத்து வைத்தார். மறுவாரம் போனால் இல்லை, ஆடு தின்றுவிட்டது. பிறகு ஆடாதோடைக் கொத்தையே கல்லுக்கடியில் செருகினார். ஆடு மோந்து பார்த்துவிட்டு, எங்களையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனது.

ஆறாவது ஞாயிறு. கார்த்திகைக் குளிர். பாதி வழியில் மூச்சு சுத்தமாக அடைத்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினேன். செத்தேன் என்றே நினைத்தேன். கம்பவுண்டர் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, என்னை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். "சேசுவே, சேசுவே" என்று படிக்குப் படி சொன்னார். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் நான் தேறினேன். அடையாளக் கொத்து மேலே மேலே போனது. பன்னிரண்டாம் ஞாயிறு மலையுச்சியில் நின்று, கீழே செஞ்சியைப் பார்த்துக் கத்தினேன். பொங்கல் முடிந்து தாசில்தார் என்னைப் படி ஏறவிட்டுப் பார்த்தார். வேலை எனக்குத்தான்.

ஆனால் மெட்ராசுக்கு எதுவும் போகவில்லை. கடைத்தெருவில் கேலி தாங்கவில்லை. "இன்னா கம்பவுண்டரே, மெட்ராஸ்லேந்து காரு வந்துச்சா?" அவர் தலையைக் குனிந்து மிக்ஸ்சர் கலக்கினார். என்னிடம், "கணக்கு ஒத்து வரல சார். வுட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மனசு ஆறவில்லை. என் அறையில் இரண்டு சீசாவிலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் இல்லாத நேரம் டிஸ்பென்சரி மேஜையிலிருந்து அயோடினை எடுத்து வந்தேன். அவர் செய்கிற மாதிரியே காடி விட்டு, முதலில் 'அ'வில் சொட்டினேன். செங்கல் நிறம். சரி, இதுதான் ஆடாதோடை என்று 'ஆ'வில் சொட்டினேன்.

அதிலும் செங்கல் நிறம்!

இரண்டு சீசாவையும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "இன்னாய்யா இது? ரெண்டும் ஆடாதோடையா?"

திருடன் மாதிரி விழித்தார். "ஆறாவது வாரம் வரைக்கும் சரியாத்தான் குடுத்தேன் சார். அன்னிக்கு நீங்க படியில உக்காந்துக்கினு என்னையே பாத்தீங்க. அது நெலவேம்பு வாரம். தெரிஞ்சே வெறுந்தண்ணியக் குடுத்து உங்கள மல ஏத்திருக்கேன். அதுக்கப்புறம் அந்த சீசால நெலவேம்பு ஊத்த கை வரல."

"சரி, உங்க ஆராய்ச்சி? இலையா நம்பிக்கையான்னு கேட்டீங்களே?"

"இனிமே எப்படி சார் தெரியும்? நான்தான் கெடுத்துட்டேனே." பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். "இப்போ மூச்சு எப்படி இருக்குது? ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

விஞ்ஞானத்துக்கு லாயக்கே இல்லாத மனுஷன். ஓய்வு பெறும் வரை தாலுகா முழுக்க நடந்து திரிந்தேன். அந்த மாதிரி ஒருத்தரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.