இருநூறு வாட்ஸ் மாப்பிள்ளை

எதையும் எழுதி, கூட்டி, சரிபார்த்த பிறகுதான் செய்வேன். அப்படிச் செய்தால் பிழை வராது என்று முப்பது வயது வரை நம்பினேன். என் கலியாண நாளன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அந்த நம்பிக்கை போயிற்று. (நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். நம்பிக்கை போனாலும் குணம் போகவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்கால யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் இல்லையென்றே சொல்லலாம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. என் அண்ணையிடம் அப்படியொரு பழைய கார் இருந்தது. மாப்பிள்ளைக் கார் அதுதான்.

பெண் வீட்டார் அளவெட்டிக்காரர்; இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுகள். நான் புத்தூரான், பாடசாலையொன்றில் எழுதுவினைஞன். மேளம் முழங்கப் போய் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மேளகாரரை ஏற்றிப்போக இன்னொரு வாகனம் கிடையாது. ஆகவே கசெற். (அளவெட்டிக்காரருக்குக் கசெற்றில் மேளம் கொண்டுபோன மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவன்தான்.)

காரிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் தவிலின் வலது பக்கம் மட்டும் கேட்டது. இடது பக்கத்தின் அடிவயிற்றுச் சத்தம் வரவே இல்லை. அதற்குப் பேஸ் ஸ்பீக்கர் வேண்டும். உடைந்த மினிபஸ் ஒன்றிலிருந்து இரண்டு கிடைத்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நூறு வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடம், கார் பற்றரியில் வேலை செய்யும் அம்ப்ளிஃபயரை இரவல் வாங்கினேன். அது இருநூறு வாட்ஸ். நூறும் நூறும் இருநூறு. கொப்பியில் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். எங்கள் சாதகப் பொருத்தம்கூட அவ்வளவு சரியாக வரவில்லை.

ஸ்பீக்கர்களுக்கு வயர் பற்றவைத்த றேடியோக் கடை மணியண்ணை கொப்பியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“தம்பி, ஸ்பீக்கரின்ரை முதுகிலை எழுதியிருக்கிறது ஒரு அடியைத் தாங்கிறதுக்கு. ஒரு கலியாணத்தைத் தாங்கிறதுக்கில்லை. விடாமல் அடிச்சால் இருவத்தஞ்சு, முப்பதுதான் தாங்கும். அம்ப்ளிஃபயர் அப்பிடியில்லை, சொன்னதைக் குடுக்கிற சாமான். சத்தக் குமிழைக் கால்வாசிக்கு மேலை திருப்பாதையும்.”

“அப்ப எழுதியிருக்கிறது பொய்யோ?”

“பொய்யில்லை. விக்கிறவன்ரை உண்மை.”

எனக்கு விளங்கியது. ஆனால் அவர் எதையும் எழுதித் தரவில்லை. ஆகவே நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முகூர்த்தம் 9.48 முதல் 10.36 வரை. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். தவறினால் ஆடி கழியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அடுத்த மாதம் யார் எந்த ஊரில் இருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது.

அண்ணை காரை ஓட்டினார். முன்னால், எங்கள் முறைப்படி மாப்பிள்ளைத் தோழியாக அக்கா. மடியில் கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டம். பின்னால் தலைப்பாகையோடு நான். பக்கத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்த தோழன், பெண்ணின் தம்பி குகன். என் காலடியில் அம்ப்ளிஃபயர். டிக்கியில் ஸ்பீக்கர்கள்.

நீர்வேலி வரை கால்வாசியில்தான் வந்தோம். அப்போது குகன் மரியாதையாகச் சொன்னான்: “அத்தான், தவில் நல்லாயிருக்கு. அயல்வீட்டுக் கலியாணத்திலை அடிக்கிற மாதிரி இருக்கு.”

முழுவதும் திருப்பினேன்.

கார்க் கண்ணாடிகள் நடுங்கின. வேலியோரம் நின்றவர்கள் குண்டு போடும் விமானமென்று வானத்தைப் பார்த்தார்கள். ஒரு முதியவர் பதுங்குகுழிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். மாப்பிள்ளைக் கார் என்று கண்டதும் காலை வெளியே எடுத்து, அச்சில் ஏற்ற முடியாத சொற்களால் எங்களை வாழ்த்தினார்.

“டேய், உந்தச் சத்தத்தைக் குறையடா!” என்றார் அண்ணை.

“கணக்குப் பார்த்துத்தான் வச்சிருக்கிறன், அண்ணை.”

“கார் கணக்குப் படிக்கேல்லையடா!”

உரும்பிராய் தாண்டியதும் தவில் இருமத் தொடங்கியது. அக்கா மூக்கை உறிஞ்சினாள். “ஆர் சாம்பிராணி போட்டது?”

குகன் திரும்பிப் பார்த்தான். “சாம்பிராணி இல்லை அக்கா. அத்தான்ரை மேளம் எரியுது.”

டிக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் கருகிவிட்டன. கார் தீப்பிடித்ததென்று பயந்த அண்ணை எஞ்சினை நிறுத்தினார். நேரம் 9.12. அதன்பிறகு எஞ்சின் எழும்பவே இல்லை. பற்றரியில் இருந்த உயிர் முழுவதையும் அம்ப்ளிஃபயர் குடித்திருந்தது. ஸ்பீக்கருக்கு அம்ப்ளிஃபயரைப் பொருத்திப் பார்த்த நான், அம்ப்ளிஃபயருக்குப் பற்றரியைப் பொருத்திப் பார்க்கவில்லை.

தள்ளினோம். இழுத்தோம். எஞ்சினைச் சுழற்றும் கம்பியைப் போட்டு அண்ணை சுழற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படியே நாற்பது நிமிடம் போனது. அவ்வழியே வந்த ஒரே மனிதர் சைக்கிளில் வெங்காயக் கட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளைக் கோலத்தைப் பார்த்து, கட்டை இறக்கிவிட்டுச் சைக்கிளை நீட்டினார்.

ஒரு சைக்கிளில் மூவர் போக முடியாது. அக்கா தட்டத்தை என் கையில் வைத்தாள். “தாலி போகட்டும். நான் பிறகு வாறன்,” என்றாள். என் கலியாணத்தில் தோழியாக நிற்கவென்று ஒரு வருடமாகக் காத்திருந்தவள். அவள் முகத்தைப் பார்க்காமல் கரியரில் ஏறினேன்.

குகன் மிதித்தான். “தலைப்பாகையைப் பிடியுங்கோ அத்தான்.”

“தட்டத்தைப் பிடிச்சிருக்கிறன்.”

“அப்ப தலையை ஆட்டாதேங்கோ.”

10.25க்கு மானிப்பாய். வாசலில் மாப்பிள்ளையின் காலைத் தோழன் கழுவ வேண்டும் என்பது முறை. குகன் செம்போடு குனிந்து மூச்சு வாங்கினான். “நியாயமாய்ப் பார்த்தால் நீங்கள்தான் என்ரை காலைக் கழுவவேணும்.”

10.33க்குத் தாலி கட்டினேன். மணவறைக்குப் பக்கத்தில் பெண் வீட்டார் அழைத்திருந்த உண்மையான மேளகாரர் கெட்டிமேளம் கொட்டினார்கள். ஒரு வாட்ஸ்கூட இல்லாமல் நெஞ்சு அதிர்ந்தது. மணப்பெண் வசந்தி முகத்தைத் திருப்பாமல் என்னோடு முதன்முதலாகக் கதைத்தாள். “என்ன, கருகல் மணக்குது?”

அக்கா யாருடைய உழவு இயந்திரத்திலோ தொற்றி 10.50க்கு வந்து சேர்ந்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா எங்கள் கலியாணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தவறாமல் கூப்பிட்டு, “தம்பி, நீ கலியாணம் கட்டிப்போட்டாய் எண்டு சனம் கதைக்குது. நான் காணேல்லை. உண்மையோ?” என்பாள். நேரத்தோடு எழுதியிருக்கிறேனே என்று நாட்குறிப்பைக் காட்டினால், “எழுதினது ஆர்? நீதானே?” என்று சிரிப்பாள்.

வசந்தி முழுக்க அக்காவின் பக்கம். வீட்டில் நான் எதையாவது கூட்டிக் கழித்து உபதேசம் செய்யத் தொடங்கினால் போதும், பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுவாள்: “உங்கடை மாமி சொல்லுறதுதான் சரியெண்டால், எனக்கு இன்னும் யோசிக்க நேரமிருக்கு.”