மருமகள் முகம் காண டைஜஸ்ட் முறித்த படலம்

வாழ்க அவர் விழி! வாழ்க அவ்விழிமுன் விளங்கும் தடித்த சட்டக் கண்ணாடி! ஆயிரம் மூக்குகளின்மேல் ஆயிரம் கண்ணாடிகளை அமர்த்தி, மங்கிய கண்களுக்கெல்லாம் உலகைத் திருப்பித் தந்த வள்ளல், கடைவீதி மூன்றாம் கடையின் அதிபதி, தங்கை ஒருத்தியின் தமையன், ஆறு நாள் முன்பு பிறந்த பெண்மகவின் தாய்மாமன் ஆகிய கண்ணாடிக்கடைக்காரப் பெருமானின் போரைச் சொல்லத் துணிந்தோம். ஊருக்கெல்லாம் பார்வை விற்றவர், தம் மருமகள் முகத்தை மட்டும் இன்னும் பார்த்தபாடில்லை.

கடல்கடந்து சிதறிய குடும்பத்தார் நாற்பத்திருவரையும் ஒரே மின்னஞ்சல் குழுவில் கட்டி ஆண்டவர் தங்கையின் கணவர். அந்த மாப்பிள்ளையோ விடியுமுன் ரோஜாப் படத்தோடு ஒரு வணக்கம், வெயில் ஏறுமுன் வெந்நீரின் மகிமை, உண்ட களை தீருமுன் உண்டதன் படம் என நாளொன்றுக்குப் பதினேழு கணை தொடுக்கும் வில்லாளர். பொறுத்துப் பார்த்த நம் வீரர், மூன்றாண்டுக்கு முன் யாரிடமும் மூச்சுவிடாமல் டைஜஸ்ட் என்னும் மாயக்கேடயத்தை அணிந்தார். அன்றுமுதல் எல்லா மடலும் ஒரே மூட்டையாகக் காலையில் ஒருமுறை வரும். அவர் அதைப் பிரிப்பதே இல்லை. "உங்க மெயிலெல்லாம் பிரமாதம் மாப்பிள்ளை" என்று போனில் மட்டும் சொல்லிவைப்பார்.

அந்தோ, அணிந்தவனையே சிறைவைத்தது அக்கேடயம்! இன்று ஆவலோடு மூட்டையைப் பிரித்தவர்க்கு, மகவின் படம் இருக்கவேண்டிய இடத்தில் 'இங்கிருந்த இணைப்பு நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியே பூட்டுப்போல் தொங்கிற்று. நண்பகலில் தங்கை அழைத்தாள்.

"பாப்பா படம் பாத்தியாண்ணா? யாரு மாதிரி இருக்கா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்."

"கடையில கூட்டம்மா. நாலு மணிக்கு நிதானமா சொல்றேன்" என்றார், ஈ காக்கை இல்லாத கடையில் நின்றபடி.

பின்பு, கண் பரிசோதிக்கும் எழுத்தட்டையை நோக்கிக் கையுயர்த்திச் சூளுரைத்தார்: "நாலு மணிக்குள்ள என் மருமகளைப் பாக்கலைன்னா, கடை போர்டுல 'பார்வை'ங்கிற சொல்லையே அழிச்சிடறேன்!"

மூண்டது போர். மின்னஞ்சல் குழுவின் அமைப்புப் பக்க வாயிலில் கடவுச்சொல் என்னும் காவலன் அவரை மும்முறை மறித்தான். பின்வாங்காத பெருமான், பழைய அறிவிப்பு மடலைத் தோண்டியெடுத்து, குழுவை இயக்கும் இயந்திரத்துக்கு மடலாலேயே ஆணையிடலாம் என்ற போர்நெறியை அறிந்து, 'டைஜஸ்ட்டை நிறுத்து' என்றெழுதி, இடி இறங்கினாற்போல் விசையைத் தட்டினார். அரை நிமிடத்தில் சித்தி அழைத்தாள்.

"ஏண்டா, எதையோ நிறுத்துன்னு எனக்கு மெயில் போட்டிருக்கே. நான் எதைடா நிறுத்தணும்?"

ஐயகோ! இயந்திரத்துக்குரிய முகவரி வேறு, குழுவுக்குரிய முகவரி வேறு. ஆணை சென்றதோ நாற்பத்திருவர் வீட்டுக்கும், மாப்பிள்ளை வீடு உட்பட. முகம் சிவந்து, சரியான முகவரிக்கு மீண்டும் ஏவினார். கேடயம் முறிந்தது. ஆயினும் இயந்திரம் இரக்கமின்றி உரைத்தது: இனி வரும் மடல்கள் முழுதாய் வரும், பழையவை வந்தபடியே இருக்கும். வென்ற களத்தில் வெறுங்கையோடு நின்றார் வீரர். மணி மூன்று ஐம்பது.

அப்போது தனியாக ஒரு மடல் வந்தது. மாப்பிள்ளை எழுதியிருந்தார்: "மச்சான், டைஜஸ்ட்ல படம் வராதே! மூணு வருஷமா வெறும் எழுத்தைப் படிச்சா இவ்வளவு பாராட்டினீங்க? மனசே கேக்கல. முதல்ல பாப்பா. ரோஜா எல்லாத்தையும் பின்னாடியே ஒவ்வொண்ணா அனுப்புறேன்."

போன் மணி ஒலிக்கத் தொடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, குலத்தின் மூக்கும் தமையனின் நெற்றியும் தாய்மாமன் சாயலும் ஒருங்கே ஒளிரப்போகும் அத்திருமுகத்தைத் தரிசிக்க, வாகை சூடிய விரலால் அவ்விணைப்பைத் திறந்தார் பெருமான்.

பாப்பா அப்படியே மாப்பிள்ளை மாதிரி இருந்தாள்.