கீழவெளி நெடுமாறன் கேமரா கொண்ட பருவம்

குடகில் பிறந்து கல்லணையில் கிளைத்து, கடலைத் தொடுமுன் களைத்துப்போய் வாய்க்கால்களாய்ப் பிரிந்து கிடக்கும் காவிரியின் கடைமடை நாட்டில், சீர்காழிக்குக் கிழக்கே, பூம்புகார் சாலையோரத்துக் கீழவெளி என்னும் ஊரின் தலைமகனும், இரண்டு ஏக்கராகிய ஆறு மா நன்செய்க்கு அதிபதியும், தாலுகா அலுவலகத்து இளநிலை உதவியாளனும், எவராலும் கலைக்கவொண்ணாத மதிய உறக்கம் வாய்த்தவனும், மூக்கின் நிழலில் முளைத்து இரு கன்னங்களையும் வென்று காதோரக் கிருதாவோடு எல்லைத் தகராறு செய்யும் பெருமீசையை உடையவனுமாகிய நெடுமாறன் வாழ்க! அவன் கேமரா கொண்ட கதையைக் கூறப்புகும் எமக்கு, பெட்டியைப் பிரிப்பதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும் யூடியூப் விமர்சகத் தெய்வங்களே, உங்கள் ஆயிரம் வாய்களில் ஒன்றை இரவல் தாருங்கள். முடிவாக எதை வாங்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உங்களுக்கு வழக்கமில்லை.

போருக்கு மூலம் ஒரு பறவை. மார்கழிப் பனி வரப்பை விட்டு எழாத ஒரு விடியலில், ஐப்பசி மழையில் பயிர் அழுகிக் குளமாய்க் கிடந்த தன் பள்ளத்துப் பங்குக்கு மடை பார்க்கப் போன நெடுமாறன், கொக்குக் கூட்டத்தின் நடுவே, கொக்குகளெல்லாம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், குச்சிக்கால்மேல் நின்ற இளஞ்சிவப்புத் திருமேனி ஒன்றைக் கண்டான். பூநாரை. கோடியக்கரைப் பக்கம் வருவதாகப் பேப்பரில் படித்த பறவை, அவன் வயலில், அழுகிய பயிருக்கு நடுவில், சம்மன் அனுப்பாமலே வந்து நின்றது. நம் வீரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கதையில் கேலி இல்லாமல் சொல்ல வேண்டியது ஏதும் உண்டென்றால் அது இதுதான்.

உடனே சட்டைப்பையாகிய உறையிலிருந்து செல்பேசியாகிய வாளை உருவினான். எடுத்த படத்தில் எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள்ளளவுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியை ஏந்திக்கொண்டு ரெத்தினத்தின் டீக்கடையாகிய பேரவைக்குள் நுழைந்தவனை, அங்கே கால்மேல் கால் போட்டு வீற்றிருந்த உரக்கடைப் பரிதி வரவேற்றான். பரிதி என்பவன் ஊரில் யார் எதைச் சொன்னாலும் அதில் குறை காண்பதையே உபதொழிலாகக் கொண்டவன். செல்பேசியைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்துவிட்டுத் தீர்ப்பளித்தான்.

"சூளைப் பக்கம் மேஞ்ச கொக்கு சார் இது. செங்கல் தூசி ஒட்டியிருக்கும்."

பேரவை சிரித்தது. வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரித்தது. அன்று தொடங்கி நெடுமாறன் வண்டியில் போகும்போதெல்லாம், "இன்னைக்கு மயில் ஏதும் வந்துச்சா சார்?" என்று விசாரிக்காத வாய் கீழவெளியில் இல்லை. மூன்று நாள் பொறுத்தான். நான்காம் நாள் அதே அவையின் நடுவில் நின்று, மீசையின் வலக்கொடியை வலக்கையாலும் இடக்கொடியை இடக்கையாலும் பற்றி வஞ்சினம் கூறினான்.

"காணும் பொங்கலுக்குள்ள நல்ல கேமராவுல படம் எடுத்து இதே மேசையில வைக்கிறேன். வைக்கலன்னா இந்த மீசையை எடுத்துடுறேன். ரெத்தினண்ணன் சாட்சி."

"நான் பாட்டுக்கு டீ ஆத்திக்கிட்டு இருக்கேன், என்னை ஏன் தம்பி இழுக்குறீங்க" என்றார் சாட்சி.

அந்த மீசை சாமானியப்பட்டதன்று. பெண் பார்க்க வந்த அன்று நெடுமாறனின் சம்பளத்தைக் கேட்டு யோசித்த மாமனார், மீசையைப் பார்த்துச் சம்மதித்தவர். அவன் மனைவி செவ்வந்தி இத்தனை ஆண்டு இல்லறத்தில் கணவனின் மேலுதட்டைக் கண்டதில்லை. அலுவலகத்தில் அவன் சொல்லை யாரும் கேட்பதில்லை என்றாலும், அவன் மீசைக்குப் பயந்து நாற்காலி நகர்த்துவோர் இருவர் இருந்தனர். அத்தகைய செல்வத்தைப் பணயம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனைச் செவ்வந்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க பாத்தேன்னா பாத்ததுதான். அதை அந்த ஆளுகிட்ட நிரூபிச்சு என்னங்க ஆவப்போவுது?" என்றாள். அறிவுரை கேட்டுத் திருந்திய வீரனைப் பற்றி எவரும் காவியம் பாடியதில்லை என்பதால் அவன் கேட்கவில்லை.

கேமரா வாங்குவதென்று ஆயிற்று. எந்தக் கேமரா என்ற வினா எழுந்த கணமே உலகம் இரண்டாகப் பிளந்தது. ஒருபுறம் வேண்டிய லென்ஸை மாட்டிக்கொள்ளும் டிஎஸ்எல்ஆர்ப் படை. அதன் தளபதி சீர்காழிக் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஃபாஜில், மூன்று மாவட்டத்து மணமக்களை "கொஞ்சம் சிரிங்க" என்று அதட்டிப் பழகிய இளங்காளை. மறுபுறம் சூப்பர்ஜூம் படை. அதன் தளபதி தரங்கம்பாடி ஹபீப் முகம்மது, துபாயில் பல்லாண்டு உழைத்துத் திரும்பி, லென்ஸ் கழற்றமுடியாத, ஆனால் இழுக்க இழுக்க மூக்கு நீளும் கேமரா ஒன்றோடு மாடியில் குடியிருப்பவர்.

"கேமரான்னா டிஎஸ்எல்ஆர்தான் சார். உள்ள படத்தை வாங்குற சென்சார் பெருசு. மத்ததெல்லாம் வெளையாட்டுச் சாமான்" என்று முழங்கினான் ஃபாஜில். கண்ணாடி அலமாரியிலிருந்து ஆரம்பநிலைக் கேமரா ஒன்றை எடுத்து, சடக்கென்று ஒலியெழுப்பிக் காட்டினான். அவ்வொலி நெடுமாறனின் நெஞ்சில் தைத்தது. அதோடு வரும் சின்ன லென்ஸால் வயலில் நிற்கும் பறவையை எடுக்கமுடியுமா என்று கேட்டதற்கு, "அதுக்குப் பெரிய லென்ஸ் தனியா வாங்கணும் சார். ஆனா முன்கண்ணாடிக்குக் கீறல் விழாம இருக்க ஒரு ஃபில்டர் ஓசியாப் போட்டுத் தர்றேன், அழுக்கானாக் கழட்டிக் கழுவிக்கலாம்" என்றான். அதாவது அந்தக் கேமராவிலும் பூநாரை புள்ளியாகத்தான் விழும், ஆனால் மிகத் துல்லியமான புள்ளி.

"லென்ஸ் மாத்துற ரோதனையே வேணாம் தம்பி" என்று தரங்கம்பாடியிலிருந்து மறுமுழக்கம் எழுந்தது. "எங்க மாடியில நின்னு, கடல்ல போற கப்பல்ல துணி காயுறதைப் பாத்திருக்கேன்." சொன்னதோடு நில்லாமல் ஹபீப் முகம்மது தம் படங்களையும் காட்டினார். பௌர்ணமி நிலவு. தேய்பிறை நிலவு. தென்னை மட்டைக்குப் பின்னால் நிலவு. நிலவையன்றிப் பிறிதொன்றை அவர் படமெடுத்ததற்குச் சான்றில்லை. மகள் ரசியா பேகத்தின் நிக்காஹ் அன்றும் மொட்டை மாடியில்தான் இருந்தார் என்பர். சென்சார் சிறியது, வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் அள்ளித் தூவும் என்று ஃபாஜில் சொன்னதை நெடுமாறன் மெல்ல எடுத்துவைத்தபோது, அவர் ஒரு நிலவைப் பெரிதாக்கிக் காட்டி, "இதுல எங்க தம்பி மணல்?" என்றார். நிலவில் மணல்தானே இருக்கும் என்று கேட்கும் துணிவு நம் வீரனுக்கு வரவில்லை.

அன்று மூண்ட போர் மார்கழி முழுவதும் நடந்தது. காலை ஏழரை பஸ்ஸில் ஏறும்போது டிஎஸ்எல்ஆர் வெல்லும். அண்ணன்பெருமாள்கோயில் தாண்டுமுன் சூப்பர்ஜூம் அதன் கொடியை வீழ்த்தும். சீர்காழி பேருந்து நிலையத்தில் இறங்குகையில் இரு படையும் மாண்டு, மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடியில்லாக் கேமரா என்னும் மூன்றாம் படை ஒன்று எங்கிருந்தோ புறப்பட்டு வந்து, அதன் விலையைப் பார்த்தமாத்திரத்தில் தானே புறமுதுகிட்டோடும். கழுத்தில் கறுத்துப் பெருத்த டிஎஸ்எல்ஆர் தொங்க டீக்கடைக்குள் நுழையும் தன்னைக் கண்டு பரிதி எழுந்து நிற்பதாக ஒரு காட்சி மனத்தில் விரியும். எழுந்து நின்றவன் படத்தைப் பார்த்து, "எங்க சார் பறவை?" என்று கேட்பதாக அடுத்த காட்சி விரியும். வருமானச் சான்று கேட்டு வந்த பெரியவரிடம், "சென்சார் என்ன சைஸ்?" என்று கேட்டுவிட்டு, அவர் விழித்ததும் தானும் விழித்தான். மடையைத் திறந்துவைத்துவிட்டு வரப்பில் அமர்ந்து ஒப்பீட்டு வீடியோ பார்த்ததில், ஒரு நாள் தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. அது பரிதியின் வயல்.

"இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள அந்தக் கேமரா நமக்கு எவ்வளவு வேலை வைக்குது பாருங்க" என்றாள் செவ்வந்தி, மண்வெட்டியோடு மடையை அடைத்துக்கொண்டே.

இதற்கிடையில் பூநாரை வந்தவண்ணம் இருந்தது. நெடுமாறன் தனியாக இருக்கும்போது வரும். சாட்சிக்கு ஆள் அழைத்துவந்தால் வராது. அதற்கும் பரிதிக்கும் ஏதோ உடன்படிக்கை இருந்திருக்க வேண்டும்.

ஆயிரம் வீடியோக்களும் இரு தளபதிகளும் முடிக்கமுடியாத அப்போரை முடித்துவைத்தது எது? அறிவன்று, அனுபவமன்று, ஆழ்ந்த ஆராய்ச்சியன்று. டிஎஸ்எல்ஆருக்கான பெரிய லென்ஸ் பொங்கல் கழித்துத்தான் சென்னையிலிருந்து வரும் என்று ஃபாஜில் போனில் சொன்னான். சூப்பர்ஜூம் போகியன்றே வந்துவிடும் என்று ஆன்லைனில் போட்டிருந்தது. ஆக, பெரிய சென்சாரா நீண்ட ஜூமா என்னும் ஊழிப் பெருவினாவுக்குக் கூரியர்காரர் விடையளித்தார்.

வந்தது கேமரா. அதன் மூக்கை நீட்டி, வாய்க்காலுக்கு அப்பால் கரண்டுக் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைப் படித்தபோது, நெடுமாறன் தன் மீசையைத் தடவிக்கொடுத்து, "இனி உனக்குப் பயமில்லை" என்றான். ஹபீப் முகம்மதுவுக்குப் போன் செய்து நன்றியும் சொன்னான். "இன்னைக்கு ராத்திரி நிலவு எடுத்துப் பாருங்க தம்பி" என்றார் அவர்.

மாட்டுப் பொங்கல் வந்தது. கொட்டிலில் மாடு இல்லாமல் போனாலும், உழவுக்குத் துணைநிற்கும் கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டுப் படைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. மண்வெட்டி, கதிர் அரிவாள், மருந்தடிக்கும் மிஷின், மோட்டார் சைக்கிள் ஆகிய மூத்த படைக்கலங்களின் வரிசையில், வாழையிலைக்கு நேரெதிரே, புதுப் பட்டுத்துண்டின்மேல் கேமராவை எழுந்தருளச் செய்தான் நெடுமாறன். மூடியைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டா ஓர் ஆயுதம் படையலைப் பார்ப்பது? பிறகு சந்தனத்தைக் குழைத்து, மோட்டார் சைக்கிளின் முகவிளக்குக்கு வைத்தது போலவே, லென்ஸின் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தான். அதன்மேல் குங்குமமும் வைத்தான்.

"கண்ணாடியிலயா வைக்கிறீங்க? மூடியில வச்சா ஆவாதா?" என்றாள் செவ்வந்தி.

"மூடியா படம் எடுக்கப்போவுது? எடுக்குறதுக்குத்தான் மரியாதை" என்றான் வீரன்.

சூடம் காட்டி முடிந்ததும் தோள்துண்டின் நுனியை நனைத்து லென்ஸைத் துடைத்தான். நன்றாகத்தான் துடைத்தான். நடுவில் இருந்ததெல்லாம் ஓரம்வரை சமமாகப் பரவும்வரை துடைத்தான்.

காணும் பொங்கல் விடிந்தது. வஞ்சினத்தின் கடைசி நாள். வரப்பில் குப்புறப்படுத்து, பனியில் நனைந்து, மீசை நுனியில் ஓர் எறும்பு ஊர்வதையும் பொறுத்து அவன் காத்துக்கிடக்க, கிழக்கு வெளுக்கும் வேளையில், வயல்நீரில் நிழல் நடுங்காமல் நடந்து வந்தது பூநாரை. தலையை நீருக்குள் விட்டு மேயத் தொடங்கியது. நெடுமாறன் மூக்கை நீட்டினான். திரையில் உலகமே செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. விடியலின் சிவப்பென்று நினைத்தான், விலைக்கேற்ற கேமராவென்று மெச்சினான், விரல் ஓயும்வரை அழுத்தினான். பறவை தலையைத் தூக்கும் தருணத்துக்காக மூச்சடக்கிக் காத்திருந்தபோது, பூம்புகார் கடற்கரைக்குப் பண்டிகைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன வேன் ஒன்று ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு அதிரச் சாலையைக் கடந்தது. பூநாரை எழுந்தது, ஒருமுறை வட்டமிட்டது, கடலை நோக்கிப் போய்விட்டது. போகட்டும், அகப்பட்டுவிட்டதல்லவா?

டீக்கடை நிரம்பியிருந்தது. கேமரா மேசைமேல் வைக்கப்பட்டது. பரிதி குனிந்தான். படத்தில் அலகில்லை, தலையில்லை, இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் இருந்தது. நிறம் ஒன்றுதான் சாட்சி. அது குறையில்லாமல் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"பக்கத்துல நிக்கிற கொக்கும் செவப்பாத்தான் சார் இருக்கு" என்றான் பரிதி. அடுத்த படத்துக்குத் தள்ளினான். "பின்னாடி மேயுற ஆடும் செவப்பு. கரண்டுக் கம்பமும் செவப்பு." பிறகு லென்ஸின்மேல் சுட்டுவிரலை வைத்துத் தேய்த்து, விரலை உயர்த்திக் காட்டினான். விரலில் குங்குமம் இருந்தது. இம்முறை அவை சிரிக்கவில்லை. அதுதான் நெடுமாறனுக்குத் தாங்கமுடியாமல் போயிற்று.

"நேத்துப் படையல்ல வச்சது. ஆனா பறவை வந்துச்சு. சத்தியமா வந்துச்சு" என்றான். தன் வயலில் வந்து நின்ற ஒன்றை, தன் கண்ணால் கண்ட ஒன்றை, தானே பொட்டு வைத்து இல்லாமலாக்கிவிட்டான். ரெத்தினம் ஒரு டீயை அவன் முன்னால் வைத்து, "விடுங்க தம்பி, யாரும் மீசையைக் கேக்கல" என்றார். பரிதியும் வேண்டாமென்றே சொன்னான். வேண்டாமென்று பரிதி சொன்னபிறகு அதை வைத்துக்கொண்டிருப்பது எப்படி?

செய்தி இரு பாசறைகளுக்கும் எட்டியது. "ஃபில்டர் போட்டிருந்தாக் கழட்டிக் கழுவியிருக்கலாமே சார்" என்று வருந்தினான் ஃபாஜில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஹபீப் முகம்மது, "ஜூம் நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். வீட்டில் செவ்வந்தி முந்தானையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டு, "நான் நம்புறேங்க" என்றாள்.

ஆகவே, மாமனாரின் மனம் கவர்ந்த மாண்புடைத்தாய், அலுவலக நாற்காலிகளை நடுநடுங்கச் செய்த ஆற்றலுடைத்தாய், கன்னமிரண்டையும் கட்டியாண்டு கிருதாவின் எல்லைவரை கொடி நாட்டிய கொற்றமுடைத்தாய், ஒரு சிவந்த பறவையின் மெய்ம்மைக்காகத் தன்னையே களப்பலியிட்ட அம்மீசையின் புகழ், காவிரியில் தண்ணீர் வரும் ஆண்டெல்லாம் நின்று நிலவுவதாக.

மறுநாள் நெடுமாறன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி, ஏழரை பஸ்ஸில் ஆபீசுக்குப் போனான்.